மண்ணு மாறினால் நிறுத்தணும்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மீனாட்சியம்மன் கோயில், அப்புறம் மகால் என்று இருந்த சுற்றில், மண்ணுக்குள் கிடந்த பழைய நகரம் வெளிவந்த கீழடியும் இப்போது சேர்ந்துவிட்டது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு, வீட்டுக்கு வருகிறவர்களை அங்கே அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. நான் தொழில் பார்க்கிற பக்கமே அதுதான். எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, கூட வந்தவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை: “எம்புட்டு அதிர்ஷ்டம் பாரு. இத்தனை ஊர் இருக்க, கரெக்டா இந்தத் தென்னந்தோப்புல வந்து தோண்டியிருக்காங்க.” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவே இல்லை. தற்செயலாக ஒருவர் வந்தார், தற்செயலாக மண்வெட்டி பட்டது, நகரமே வெளியே வந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு கதை ஊருக்குள் உலவுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் ஏதோ முரண்டும். ஒரு பெரியவரைச் சந்தித்த பிறகுதான் அந்த முரண்டல் என்ன என்று எனக்கு விளங்கியது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

போர்வெல்லிலும் கிணற்றிலும் மோட்டார் இறக்கி ஏற்றுவது என் தொழில். விரகனூர், சிலைமான், மணலூர், திருப்புவனம், அங்கிட்டு லாடனேந்தல் வரைக்கும் கூப்பிடுவார்கள். காயில் போன மோட்டாரைத் தூக்குவது, கேபிள் மாற்றுவது, பைப் லைன் புதைக்க வாய்க்கால் பறிப்பது என்று வேலையில் பாதி நேரம் ஏதாவது ஒரு குழிக்குள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்கே இரண்டடி பறித்தாலும் ஓட்டாஞ்சில்லு வரும். அதுவும் வீட்டில் உடைந்த சட்டியின் சில்லு இல்லை. உள்பக்கம் மை மாதிரி கறுப்பாகவும் வெளிப்பக்கம் செக்கச்செவேல் என்றும் இருக்கிற சில்லு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கமும் விளிம்பும் கறுத்துவிடும், காற்றுப் பட்ட இடம் சிவந்துவிடும் என்று அருங்காட்சியகத்தில் ஒரு பையன் விளக்கிச் சொன்னான். தொல்லியல்காரர்கள் கறுப்பு சிவப்புப் பானை என்று சொல்வது அதைத்தான். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடச் சில்லு தேடி அலைந்ததே கிடையாது. குனிந்தால் கிடைக்கும்.

மத்தியத் தொல்லியல் துறையில் இருந்த அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு வைகை நெடுகிலும் நடந்து பார்த்துக் குறித்த இடங்கள் 293. ஒன்று இரண்டு இல்லை, 293. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் 2015இல் பள்ளிச்சந்தைத் திடலில் குழி போட்டார்கள். அதற்கெல்லாம் ரொம்ப முந்தி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, அனுப்பானடியிலும் பரவையிலும் முதுமக்கள் தாழிகள் கிடைத்து, அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் வந்து பார்த்திருக்கிறார். இன்றைக்கு அனுப்பானடியில் வீட்டு மேல் வீடு. பரவையில் விடியற்காலை காய்கறி லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆக, பொருள் கிடைப்பது இங்கே அதிசயமே இல்லை. கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியென்றால் அபூர்வமாக நடப்பது எது?

த்ரீ பேஸ் வரும்வரை

கொந்தகைப் பக்கம் ஒரு தோப்பில் மோட்டார் இறக்கியிருந்தேன். பழைய கிணறு, அதற்குள்ளேயே பக்கவாட்டில் போர் போட்டது. இறக்கி, கிளாம்ப் மாட்டி, ஸ்டார்ட்டரில் ஒயர் கொடுத்து முடித்தாயிற்று. ஆனால் ஓட்டிப் பார்க்க த்ரீ பேஸ் கரண்ட் வர வேண்டும். மத்தியானம் ஆகும் என்றார் தோட்டக்காரர். கூட வந்த பையன் சாப்பிடப் போய்விட்டான். நான் கிணற்று மேட்டிலேயே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கிய வயசு இருக்கும். தோளில் துண்டு, இடுப்பில் கட்டம் போட்ட கைலி. வந்தவர் என்னைப் பார்க்காமல் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்.

“தண்ணி எங்க தம்பி கெடக்கு?”

“எழுபதடிக்குக் கீழ போயிருச்சுங்கய்யா.”

“நாங்க வெட்டும்போது மூணு ஆள் மட்டத்துல ஊத்து கண்டுருச்சு” என்றார். அந்தக் கிணற்றை வெட்டிய செட்டில் அவரும் ஒருத்தர். கல்யாணத்துக்கு முந்தியே கிணறு வெட்டப் போனவராம். திருப்புவனத்திலிருந்து மானாமதுரை வரைக்கும் அவர் கை படாத கிணறு கம்மி என்று சொன்னபோது, பெருமையாகச் சொன்ன மாதிரி இல்லை. கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் தொழில்காரன் என்று தெரிந்ததும் அவருக்குப் பேச்சு பிடித்துவிட்டது. ஆடுகளை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பழைய கிணறுகளின் உள்சுவரை அடிக்கடி பார்க்கிறவன் நான். ஆனால் ஒரு கிணற்றுச் சுவரை ஒருத்தர் படித்துக் காட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். கிணற்றில் பாதிக்கு மேல் கல் கட்டு இல்லை, வெறும் மண் சுவர்தான். விரலை நீட்டி மேலேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். மேலே கிடக்கிறது ஆத்து வண்டல், வெள்ளாமைக்கு ஆகும். அதுக்குக் கீழே கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறதே, அது களி, வெயிலில் வெடிக்கும், மழையில் ஒட்டும். அப்புறம் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு. “அது மண்ணு இல்ல தம்பி, சாம்பலு.” நான் எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். அந்தக் கறுப்புக்குள் சில்லுகள் படுத்த வாக்கில் வரிசையாகச் சொருகி நின்றன. விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. இதற்கு முன்னால் பல தடவை அந்தக் கிணற்றில் இறங்கி ஏறியவனுக்கு, இப்போதுதான் அந்த வரிசை வரிசையாகவே கண்ணில் பட்டது.

“இந்த எடத்துக்கு வந்ததும் நிறுத்திட்டோம்” என்றார்.

ஏன் என்று கேட்டேன். பழைய பொருள் என்று தெரிந்ததாலா?

“பழசாவது புதுசாவது. மண்ணு மாறினா நிறுத்தணும் தம்பி. நிறுத்தலேன்னா உள்ள நிக்கிறவன் மேல வரமாட்டான்.”

இதுதான் அவர்கள் செட்டில் சட்டம். களியில் வெட்டிக்கொண்டே போய்த் திடீரென்று மணல் வந்துவிட்டால், மேலே நிற்கும் களியின் கனம் தாங்காமல் மணல் பிதுங்கும். சுவர் உட்கார்ந்துவிடும். சாம்பல் மண்ணும் அப்படித்தான், பிடிப்பே இருக்காது. அதனால் நிறம் மாறின உடனே வெட்டுகிறவர் மம்பட்டியைப் போட்டுவிட வேண்டும். கடப்பாரையின் அடிப்பக்கத்தால் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் கெட்டியாக வருகிறதா, பொத்தென்று வருகிறதா. ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார்கள். உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா. மோந்தும் பார்ப்பார்களாம். சாம்பல் மண்ணுக்குத் தனி வாசனை உண்டு என்றார். அதற்குப் பிறகுதான் அகலப்படுத்துவதா, உறை இறக்குவதா, அந்த இடத்தையே விட்டுவிடுவதா என்று முடிவு. அந்த முடிவு எடுக்கிற வரைக்கும் வெட்டுகிறவர், சட்டி தூக்கிக் கொடுக்கிறவர், மேலே வாங்கிக் கொட்டுகிற பெண்கள் என்று எல்லாரும் அந்த ஒரு பிடி மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“அப்படி நிறுத்தினப்பத்தான் எல்லாத்தையும் பார்த்தோம்” என்றார். பாசிமணி பார்த்திருக்கிறார். எலும்போடு தாழி பார்த்திருக்கிறார். இதே ஊர்ப் பக்கம் இன்னொரு தோட்டத்தில், வெட்டிக்கொண்டே போகும்போது சுட்ட மண்ணில் வட்ட வட்டமாக உறை, ஒன்றின் மேல் ஒன்று. அவருடைய மாமன்தான் உள்ளே நின்றவர். மேலே பார்த்துக் கத்தினாராம்: “ஏலேய், நமக்கு முந்தி எவனோ இங்க கிணறு வெட்டியிருக்கான்டா!”

சொல்லும்போது அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபது வருஷம் கழித்தும் அந்தக் கத்தல் அவர் காதில் இருந்தது. அப்புறம் என்ன செய்தீர்கள் என்றேன். தோட்டத்துக்காரரிடம் சொன்னார்களாம். அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “யார்கிட்டயும் சொல்லாதீங்க, தள்ளி வெட்டுங்க” என்றாராம். உறைகளில் உடையாத ஒன்றை இவர்கள் தூக்கிப்போய் ஆட்டுக்குத் தண்ணி வைத்தார்கள். அதுவும் ஒருநாள் விரிசல் விட்டுப்போய்விட்டது. அவ்வளவுதான்.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடித் தண்ணீர் விழுந்ததும் பெரியவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு ஆடுகளோடு போய்விட்டார்.

அடுத்த வாரமே கீழடிக்குப் போனேன், அருங்காட்சியகத்துக்கு இல்லை, அகழாய்வுக் குழிக்கு. குழியின் செங்குத்துச் சுவரில் ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் கோடு கிழித்து, எண் எழுதிய சின்னச் சின்ன அட்டைகளைக் குத்தி வைத்திருந்தார்கள். நிறம் மாறுகிற இடத்தில் ஒரு கோடு. பதம் மாறுகிற இடத்தில் ஒரு கோடு. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் கொத்துக்கரண்டியால் சுரண்டுவதும் தூரிகையால் தள்ளுவதுமாக இருந்தார்கள். மண் நிறம் மாறியதும் ஒரு பெண் கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படித்தவர்கள் காலத்தைப் பிரித்தறிய நிறுத்துகிறார்கள். கிணறு வெட்டினவர்கள் உயிர் பிழைக்க நிறுத்தினார்கள். நிறுத்துகிற இடம் ஒன்றுதான். இங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டைப் பரிசோதித்தபோதுதான் அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது. 353 செ.மீ. என்பது பதினொன்றரை அடிக்குச் சற்று மேல். பெரியவர் கணக்கில் ரெண்டு ஆள் மட்டம். அவருடைய செட்டு அந்த ஆழத்தைத் தாண்டி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது.

கேட்க ஆள் இருந்த இடம்

அப்படியென்றால் கீழடிக்கும் மற்ற இடங்களுக்கும் என்ன வித்தியாசம்? கீழடியிலும் முதலில் கண்ணில் பட்டது கிணறு வெட்டும்போதுதான். அது 1970களில். ஆனால் அந்த ஊர்ப் பள்ளியில் பாலசுப்பிரமணியம் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். மாணவர்கள் மூலம் சேதி வந்ததும் போய்ப் பார்த்து, கிடைத்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்தி, தொல்லியல் துறைக்கும் தெரியப்படுத்தினார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அகழாய்வு தொடங்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று. அவரோ ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனாலும் சேதி அறுந்துபோகவில்லை. கொந்தகைக் கிணற்றில் மாமன் போட்ட சத்தத்துக்கும் கீழடிப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் சொன்ன சேதிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். அங்கே கேட்டவர் மூடச் சொன்னார். இங்கே கேட்டவர் எழுந்து போய்ப் பார்த்தார்.

புள்ளிமான்கோம்பையை நினைத்துக்கொள்கிறேன். ஆண்டிப்பட்டிப் பக்கம், இதே வைகைக் கரை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பிராமி எழுத்தோடு கிடைத்த மிகப் பழைய நடுகற்கள் அவை. ஒன்றில் கூடல் ஊரில் நடந்த ஆகோளில் செத்துப்போன அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. ஆகோள் என்றால் அடுத்தவர் மாட்டைக் கவர்ந்து வருகிற சண்டை; அதில் விழுந்த ஒரு ஆளுக்காக நட்ட கல். பெரிய கல்லும் இல்லை, இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக மழையும் வெயிலும் பட்டுக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் ஆடு மாடு மேய்த்தவர்கள் எத்தனை தலைமுறை அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். மாணவர்கள் அங்கே போனதைத் தற்செயல் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். காடு மேடெல்லாம் நடந்து, எந்தக் கல்லில் கீறல் இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்க்கிற வேலையாகத்தான் போனார்கள்.

மாங்குளம் மலையும் அப்படித்தான். மீனாட்சிபுரத்துக்காரர்களுக்கு அந்தக் குகையும் கல்படுக்கையும் தெரியாதா என்ன? 1882இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, அங்கே பாறையில் வெட்டியிருந்த எழுத்துகளைப் பற்றி வெளியே சொன்னார். அதற்குப் பிறகும் அது என்ன மொழி என்று புரியவில்லை. 1924இல்தான் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழ் என்று எடுத்துக் காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பெயர் அங்கே பாறையில் வெட்டியிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் திறந்து கிடந்த எழுத்துக்கே, பார்த்ததிலிருந்து படிக்க 42 வருஷம். மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி என்ன சொல்ல.

பக்கெட்டுக்குள் போவது

இப்போது என்னை நிஜமாகவே வாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். கிணறு வெட்டுகிற செட்டு இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. வெட்டுவது கிரேன், தோண்டுவது ஜேசிபி. தண்ணீருக்கு வேண்டியது போர்வண்டி. மதுரையைச் சுற்றி நாலாபக்கமும் பிளாட் போடுகிறார்கள். ரிங் ரோட்டைத் தாண்டி ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. என் அப்பா காலத்தில் ஒரு வருஷம் தோண்டிய மண்ணை இன்றைக்கு ஒரு வாரத்தில் தோண்டிவிடுகிறார்கள் என்றால் மிகையில்லை. தோண்டுவது கூடினால் கிடைப்பதும் கூட வேண்டும் அல்லவா? நான் பார்த்தவரையில் குறைந்திருக்கிறது.

காரணம் எளிது. மம்பட்டிக் காலத்தில் ஒவ்வொரு சட்டி மண்ணும் மூன்று நாலு பேர் கைமாறும். வெட்டினவர் பார்ப்பார், தூக்கினவர் பார்ப்பார், கொட்டினவர் பார்ப்பார். சாயங்காலம் அந்த மண்மேட்டில் பிள்ளைகள் ஏறி விளையாடும்போது இன்னொரு தடவை பார்ப்பார்கள். ஜேசிபியில் ஒரே ஆள். அவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், கண் பக்கெட்டின் நுனியில் இருக்கிறது. ஒரு வாரலில் ஒரு ஆள் மட்டம் வெளியே வந்துவிடும். மண் மாறினாலும் உள்ளே நிற்க ஆள் இல்லாததால் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. அதனால் நிறுத்தவும் அவசியமில்லை. மீட்டர் மணிக்கணக்கில் ஓடுகிறது, வாடகை ஏறுகிறது. டிப்பர் வரிசையில் நிற்கிறது. அள்ளின மண் எந்த ஊர்ப் பள்ளத்தை நிரப்பப் போகிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. வைகை மணலில் சின்னச் சின்ன ரோமானியச் செப்புக் காசுகள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இருக்காது சில. அதையெல்லாம் கண்டது மணலைக் கையால் அளைந்தவர்களின் கண். பக்கெட்டுக்கு அந்தக் கண் கிடையாது.

இன்னொன்று பயம். பெரியவரிடம் “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று சொன்ன அந்தத் தோட்டத்துக்காரரை நான் திட்ட மாட்டேன். அதே பேச்சை இன்றைக்கும் கேட்கிறேன். “சொன்னா கவர்ன்மென்ட்டு நிலத்தை எடுத்துக்கும்ணே.” சமணர் மலைப் பக்கம் வீடு கட்ட அனுமதிக்கு அலைந்தவர்கள் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். அது அறிவிக்கப்பட்ட சின்னத்துக்குத்தான். நாலு ஓட்டாஞ்சில்லு கிடைத்த உடனே யாரும் வந்து வேலி போட்டுவிடுவதில்லை. கீழடியிலேயே முதல் சில கட்டங்களில் தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடி, தோப்புக்காரர்களிடம் திரும்ப ஒப்படைத்தார்கள். அப்புறம் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் என்று அதில் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது இந்த ஜெயில் மட்டும்தான். புதைத்தவர் என்று யாரும் உரிமை கோராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்றும், அரசாங்கம் எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இதை நான் சொன்னபோது நம்பாமல் சட்டப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னவர்கள் உண்டு.

ஆகவே எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. தொல்லியல் துறை பள்ளிகளில் வகுப்பு எடுக்கிறது, நல்லது. அதோடு மதுரை, சிவகங்கை, தேனி மாவட்டங்களில் ஜேசிபி ஓட்டுகிறவர்களையும் போர்வண்டி ஆட்களையும் கொத்தனார்களையும் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். மண்டபத்தில் படம் காட்டினால் போதாது. அகழாய்வுக் குழிக்குள் இறக்கி, அந்த அட்டை குத்திய சுவரைக் காட்ட வேண்டும். சாம்பல் மண்ணைக் கையில் கொடுக்க வேண்டும். உறை எப்படி இருக்கும், பாசிமணி எப்படி இருக்கும், பழைய செங்கல் எவ்வளவு நீளம் என்று தொட்டுப் பார்க்க விட வேண்டும். கிராமத்தில் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும், நிலம் போகுமா போகாதா என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இனிமேல் இந்த மண்ணுக்குள் முதலில் இறங்கப் போவது அவர்கள்தான்.

துறை செய்கிற வரைக்கும் காத்திருக்க முடியாமல், எனக்குத் தெரிந்த ஓட்டுநர்களிடம் நானே பேச ஆரம்பித்திருக்கிறேன். போன மாசம் திருப்புவனம் பக்கம் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி போன் செய்தான். “அண்ணே, செங்கல் ஒண்ணு வந்திருக்கு. நம்ம செங்கல் மாதிரி இல்ல, நீட்டமா இருக்கு.” படம் அனுப்பினான். பக்கத்தில் அளவுக்காக இன்றைய ஒன்பது இன்ச் செங்கல்லையும் வைத்திருந்தான், நான் சொல்லாமலேயே. பழைய கல் அதைத் தாண்டி நீண்டு கிடந்தது, தடிமனோ பாதிதான். வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஏற்கெனவே நிறுத்திவிட்டேன் என்றான். வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார். நான் போய் மேலே எழுதினதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பாதி நம்பினார், மீதிக்கு விஏஓவைக் கூப்பிட்டார். விஏஓ வந்து படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலே அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். கல் ஒரு கோணிப்பையில் சுற்றி வீட்டுக்காரர் வசம்தான் இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தம்பியோடு டீ குடித்தேன். இன்னும் வேற என்னவெல்லாம் பார்க்கணும் என்று கேட்டான். பெரியவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். நிறம், சாம்பல், வரிசையாகச் சொருகின சில்லு, வட்ட உறை. குத்தி அள்ளினால் இதெல்லாம் தெரியாது, மேலாப்பில் வழித்து வழித்து எடுத்தால்தான் தெரியும் என்றேன். வெளிநாட்டில் தொல்லியல்காரர்கள் இயந்திரம் வைத்து மேல்மண் எடுக்கும்போது பல் இல்லாத பக்கெட்டைத்தான் போடுகிறார்கள் என்று படித்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“பல் இல்லாத பக்கெட்டு தனியா வாங்க வேண்டாம்ணே. லெவல் அடிக்கிறதுக்கு நாங்க பல்லுக்கு மேல தகடு வச்சு வெல்டிங் பண்ணுவோம். அதப் போட்டுக்கிட்டா வழவழன்னு வழிக்கும். மண்ணு மாறினா கோடு மாதிரி தெரியும்.”

வெல்டிங் பட்டறைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். சொல்லிவிட்டிருக்கிறேன்.